பதக்கம் ஏன் வெண்கலத்தில் இருக்கிறது?

(இளைஞர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



குடும்ப வரலாற்றைப் பழைய ஆவணங்களில் தேடுவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். பொதுவாகப் பேசினால் உங்களுக்குத் தூக்கம் வந்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் நடந்த ஒரு தேடலை வைத்தே பேசுகிறேன். தேடியது என் கொள்ளுத்தாத்தாவை. வட ஆற்காட்டு மாவட்டத்தில் ஒரு சேரியிலிருந்து முதல் உலகப் போருக்குப் போய் வந்தவர். அவருடைய அண்ணனும் கூடவே போனார். அண்ணன் திரும்பவில்லை. நாங்கள் தேடத் தொடங்கியபோது எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இருவரின் பெயரையும் நான் இங்கே சொல்லப் போவதில்லை. வீட்டில் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்பதைத்தான் முக்கியமாகப் பேச வேண்டும்.

முதலில் ஒரு கேள்வி. நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு சேரிக்காரரின் பெயர் எந்தக் காகிதத்தில் இருக்கும்? நிலம் இருந்தால் நில ஆவணத்தில் இருக்கும். நிலம் இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தால் பதிவேட்டில் இருக்கும். சேர்க்கவில்லை. மிராசுதாரின் பெட்டியில் கைநாட்டு வைத்த கடன் பத்திரம் இருந்திருக்கலாம். அதை யார் நமக்குக் காட்டப் போகிறார்கள்? இந்த நிலையில் ராணுவம் நம் ஆட்களை எழுதி வைத்தது. பெயர், அப்பா பெயர், ஊர், தாலுகா, மாவட்டம், உயரம், உடம்பில் உள்ள அடையாள மச்சம், சாதி. அன்பினால் எழுதவில்லை. ஓடிப் போனால் பிடிக்க வேண்டும், செத்துப் போனால் கணக்கை முடிக்க வேண்டும், யாரை எந்த வேலையில் வைப்பது என்று பிரிக்க வேண்டும். அதற்காக எழுதினார்கள். அந்தக் காகிதத்தைத்தான் இன்று நாம் தேடிப் போகிறோம்.

சென்னை ராணுவத்தில் பறையர்கள் கம்பெனிக் காலத்திலிருந்தே இருந்தார்கள். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சாப்பர்ஸ் படையிலும், பயனீர் படைகளிலும் பெரிய எண்ணிக்கையில் இருந்தார்கள். பம்பாய் ராணுவத்தில் மகர்கள் இருந்தார்கள். கோரேகான் தூண் உங்களுக்குத் தெரியும். 1818 ஜனவரி 1 அன்று நடந்த சண்டையில் இறந்த கம்பெனிப் படையினர் 49 பேரின் பெயர்கள் அதில் உள்ளன. அதில் 22 பெயர்கள் ‘நாக்’ என்று முடிகின்றன. அந்த விகுதியை வைத்துத்தான் அவர்கள் மகர்கள் என்று அடையாளம் காண முடிகிறது. பெயரின் கடைசி அசை ஒன்று இல்லாமல் போயிருந்தால், 1927இல் அண்ணல் அம்பேத்கர் அந்தத் தூணுக்கு முன்னால் போய் நின்றிருக்கவே காரணம் இருந்திருக்காது. அவருடைய அப்பா ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார், ராணுவப் பள்ளியின் தலைமை ஆசிரியர். அம்பேத்கர் பிறந்ததே மாவ் என்ற ராணுவக் குடியிருப்பில்தான்.

அந்த வாசலை 1890களின் தொடக்கத்தில் மூடினார்கள். மகர்களை இனி சேர்ப்பதில்லை என்றார்கள். ‘போர்க்குடி’ என்றொரு கோட்பாடு அப்போது ராணுவத்தில் கோலோச்சியது. சில இனங்கள் பிறவியிலேயே வீரர்கள், சில இனங்கள் பிறவியிலேயே கோழைகள் என்பது அதன் சாரம். 1881 முதல் 1885 வரை சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், பிறகு மொத்த இந்தியாவுக்கும் தளபதியானவர், தென்னிந்தியர்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்று உறுதியாக நம்பினார். பிறப்பை வைத்துத் தகுதி சொல்வது யாருடைய வேலை என்று நமக்குத் தெரியும். மனுவின் வேலையை ஒரு வெள்ளைக்காரத் தளபதி தன் அலுவலகத்தில் உட்கார்ந்து செய்து கொடுத்தார்.

ஆனால் ஆள் பற்றாக்குறை வந்தால் கோட்பாடு இளகிவிடும். 1917இல் 111ஆவது மகர் படையைத் தொடங்கினார்கள், 1921இல் கலைத்தார்கள். 1933இல் சென்னைப் பயனீர் படையைக் கலைத்தார்கள். அடுத்த உலகப் போர் வந்தது. 1941இல் மகர் ரெஜிமென்ட், 1943இல் சமார் ரெஜிமென்ட். போர் முடிந்ததும் 1946இல் சமார் ரெஜிமென்டைக் கலைத்துவிட்டார்கள். வருடங்களை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள். வேறு விளக்கமே தேவைப்படாது.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

ஆயாவின் தகரப் பெட்டியில் ஒரு பதக்கம் இருந்தது. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் குதிரைமேல் ஒருவர், 1914, 1918 என்ற எண்கள். அந்தக் குதிரைக்காரர் உண்மையில் கிறிஸ்தவர்களின் புனித ஜார்ஜ். ஆயா அவரை முனீஸ்வரன் என்றே நினைத்திருந்தார். ஆடி மாதம் எடுத்துத் துடைத்து, குங்குமம் வைத்து, திரும்பப் பெட்டியில் வைப்பார். எண்பது, தொண்ணூறு வருடக் குங்குமம் விளிம்பில் இறுகிப் போயிருந்தது. எங்களுக்குத் தேவைப்பட்டதோ அந்த விளிம்புதான். பிரிட்டிஷ் ராணுவம் முதல் உலகப் போரின் பதக்கங்களில் பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றை விளிம்பில்தான் பொறித்தது. ஆயாவிடம் அனுமதி வாங்கி, ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்தோம். எண் தெரிந்தது. பெயரில் பாதி தேய்ந்திருந்தது. பதவி தெளிவாக இருந்தது. ஆங்கில எழுத்தில், ஆனால் நம்முடைய சொல்: ‘கூலி’. அதை அடுத்து லேபர் கோர் என்பதன் சுருக்கம். தொழிலாளர் படை. (கூலிப்படை என்று மொழிபெயர்த்தால் இன்றைக்கு வேறு ஆட்கள் வந்து நிற்பார்கள்.)

பதக்கம் வெண்கலம். அதுதான் இரண்டாவது துப்பு. இந்தப் பதக்கத்தைச் சுமார் 65 லட்சம் பேருக்கு வெள்ளியில் அடித்துக் கொடுத்தார்கள். சுமார் 1,10,000 பேருக்கு மட்டும் வெண்கலத்தில். சீனத் தொழிலாளர்கள், மால்டா தீவுத் தொழிலாளர்கள், இந்தியத் தொழிலாளர் படையினர் போன்றவர்களுக்கு. அதே மன்னர், அதே குதிரை, அதே நாடா. உலோகம் மட்டும் வேறு. ஒரே டீக்கடையில் ஒரே டீயை வேறு தம்ளரில் கொடுப்பது நமக்குப் புதிதா என்ன? இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வெள்ளிப் பதக்கம் வாங்கிய குடும்பங்களில் இன்று அது பெரும்பாலும் இல்லை. ஏதோ ஒரு பஞ்சத்தில், ஏதோ ஒரு கல்யாணத்தில் அடகுக் கடைக்குப் போய் உருகிவிட்டது. எங்களுடையதை அடகுக்காரர் வாங்கியிருக்க மாட்டார். மதிப்பில்லாத உலோகம் என்பதாலேயே அது தப்பிப் பிழைத்தது.

எங்கள் பெரியப்பா ஊரில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்த கதை வேறு. தாத்தா சிப்பாய், துப்பாக்கி பிடித்தவர், துருக்கிக்காரனைச் சுட்டவர். ஊர்ச் சாதிக்காரர்கள் யாராவது மட்டமாகப் பேசினால், “எங்க தாத்தா மிலிட்டரி” என்று ஒரே வார்த்தையில் வாயை அடைப்பார். விளிம்பில் உள்ளதை நான் படித்துக் காட்டியபோது அவர் முகம் மாறிவிட்டது. “இன்னாம்மா, பட்டாளத்துக்குப் போயும் மூட்ட தூக்குனாருன்னு எழுதப் போறியா? நாலு பேரு படிக்க மாட்டானா?” என்றார். எங்கள் ஆயா பக்கத்திலிருந்தார். “தூக்குனா இன்னாடா, திருடுனாரா?” என்று கேட்டார். பெரியப்பா எழுந்து போய்விட்டார்.

அந்தக் கோபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அறுபது வருடம் அந்த ஒரு வார்த்தை அவருக்குக் கேடயமாக இருந்திருக்கிறது. ஒரு ஆவணத்தைக் காட்டி அதைப் பிடுங்குவது எளிது. பிடுங்கிய பிறகு கையில் என்ன கொடுப்பது? அதற்காகத்தான் மேற்கொண்டு படித்தேன்.

முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 14 லட்சம் பேரைச் சேர்த்தார்கள். அதில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆயுதம் ஏந்தாதவர்கள். ராணுவ ஆவணங்களில் அவர்களுக்குப் பெயர் ‘ஃபாலோயர்’. இன்ஸ்டாகிராம் ஃபாலோயர் இல்லை; படைக்குப் பின்னால் வருபவர். தண்ணீர் சுமக்கும் பிஸ்தி, மலம் அள்ளும் தோட்டி, சமையல்காரர், சலவைக்காரர், குதிரைக்காரர், கோவேறு கழுதை ஓட்டுபவர், காயம்பட்டவர்களைத் தூக்குபவர், மூட்டை தூக்குபவர், மண் வெட்டுபவர். இதிலும் மேல் ஃபாலோயர், கீழ் ஃபாலோயர் என்று பிரிவு உண்டு. காயம்பட்டால் கிடைக்கும் பென்ஷன், செத்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் தொகை எல்லாம் இந்தப் படிநிலையைப் பொறுத்து மாறும். இவர்களைப் பற்றி ராதிகா சிங்ஹா என்ற வரலாற்றாசிரியர் 2020இல் ‘தி கூலிஸ் கிரேட் வார்’ என்ற நூலை எழுதியிருக்கிறார். உங்களில் ஆங்கிலம் வாசிப்பவர்கள் அவசியம் வாசியுங்கள். யாராவது தமிழில் கொண்டுவந்தால் இன்னும் நல்லது.

கொள்ளுத்தாத்தா போன இடத்தை ஆயா ‘பசரா’ என்பார். இன்றைய ஈராக்கின் பஸ்ரா. 1914 நவம்பரில் அந்த ஊரைப் பிரிட்டிஷ் இந்தியப் படை பிடித்தது. பிடித்த பிறகுதான் பிரச்சினை. பெரிய கப்பல்கள் வந்து நிற்க முறையான துறைமுகம் இல்லை. சாலை இல்லை, ரயில் இல்லை. காயம்பட்டவர்களை ஏற்றிவரப் போதுமான படகு இல்லை. கூத் என்ற ஊரில் மாட்டிக்கொண்ட படை, சோறில்லாமல் 1916 ஏப்ரல் 29 அன்று துருக்கியரிடம் சரணடைந்தது. அதன்பிறகுதான் லண்டனுக்கும் டெல்லிக்கும் உறைத்தது. இந்தியாவிலிருந்து தொழிலாளர்களைக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். போதவில்லை என்று சிறைகளைத் திறந்து, தண்டனைக் குறைப்பு தருகிறோம் என்று சொல்லி, சுமார் 16,000 கைதிகளையும் அனுப்பினார்கள். அவர்கள் துறை கட்டினார்கள், கரை போட்டார்கள், தண்டவாளம் பதித்தார்கள், மூட்டை இறக்கினார்கள். 1917 மார்ச்சில் பாக்தாத் விழுந்தது. பாக்தாத்தைப் பிடித்த தளபதியின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது.

இதைத்தான் பெரியப்பாவிடம் சொன்னேன். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் 1914இலும் 1915இலும் அங்கே இருந்தார்கள். இருந்தும் கூத்தில் பட்டினி கிடந்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் போன பிறகுதான் அந்தப் படை நகர்ந்தது. அவர் ஒப்புக்கொண்டாரா என்றால், முழுசாக இல்லை. “அப்ப பட்டாளத்துக்காரர்னு சொல்றதுல தப்பில்லயில்ல?” என்று கேட்டார். தப்பில்லை என்றேன். பெயரை மட்டும் வெளியில் சொல்லாதே என்றார். அந்த அளவில் நிற்கிறது.

தோழர்களே, எனக்கு உறுத்துவது பெரியப்பா இல்லை. இருபது வயதுத் தம்பிகள் வைக்கும் ஃப்ளெக்ஸ் போர்டுகள்தான். ‘ஆண்ட பரம்பரை’ என்று ஊரில் ஒரு போர்டு வைத்தால், அதற்குப் பதிலாகச் சேரியில் ‘போர்ப்படைப் பரம்பரை’ என்று ஒரு போர்டு. வாள், குதிரை, சிங்கம் எல்லாம் உண்டு. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. கோரேகானின் 22 பெயர்கள், உங்களால் முடியாது என்ற பொய்யை உடைத்தன. அம்பேத்கர் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னதும் அதனால்தான். ஆனால் நாமும் போர்க்குடிதான் என்று ராபர்ட்ஸின் பட்டியலில் இடம் கேட்டு மனுப் போடுவது வேறு. அந்தப் பட்டியலில் நமக்கு இடம் கிடைத்தால் மட்டும் பட்டியல் சரியாகிவிடுமா? அப்போது தோட்டியாகப் போனவரின் பேத்தி எங்கே நிற்பாள்? சிப்பாயின் பேரன் அவளைக் கீழே பார்ப்பானா? ராணுவம் போட்ட கோடு அதுதான்: துப்பாக்கி மேலே, வாளி கீழே. நம் வீட்டுக்குள்ளேயே அந்தக் கோடு ஓடுவதை அந்த வெண்கலத்தைத் துடைத்த அன்றுதான் நான் பார்த்தேன்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

திரும்பி வராதவரைத் தேடுவது, திரும்பி வந்தவரைத் தேடுவதைவிட எளிதாக இருக்க வேண்டும். இரண்டு உலகப் போர்களிலும் இறந்த பிரிட்டிஷ் பேரரசுப் படையினரின் கல்லறைகளையும் பெயர்களையும் பராமரிக்க காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்றொரு அமைப்பு இருக்கிறது. அதன் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம், கட்டணம் கிடையாது. பிரான்சில் நியூவ் ஷாப்பெல் என்ற இடத்தில் இந்தியர்களுக்கென்றே ஒரு நினைவகம் 1927இல் திறந்தார்கள். 4,700க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே கல்லில் இருக்கின்றன, தொழிலாளர்கள் உட்பட. பஸ்ராவிலும் ஒரு நினைவகம் இருக்கிறது. 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கானது. 1997இல் சதாம் உசேன் ஆட்சியில் அதைப் பிரித்து நகருக்கு வெளியே பாலைவனப் பகுதியில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்தச் சுவரில் பிரிட்டிஷ்காரர்கள் எல்லோருக்கும் பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. மற்றவர்களுக்கு? இந்தப் படைப்பிரிவில் இத்தனை பேர் என்று எண்ணிக்கை. பெயர் தெரியாததால் அல்ல. தெரிந்தும் பொறிக்கவில்லை. ஐரோப்பாவில் பத்துப் பேர் வந்து பார்ப்பார்கள் என்று பெயர் போட்டவர்கள், பஸ்ராவில் யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று எண் போட்டார்கள்.

2021 ஏப்ரலில் அந்த ஆணையமே ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. இந்தியா, ஆப்பிரிக்கா, எகிப்து, சோமாலியாவைச் சேர்ந்த 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள். குறைந்தது 1,16,000 பேர், அதிகபட்சம் மூன்றரை லட்சம் பேர் வரை, பெயர் இல்லாமலோ நினைவுச் சின்னமே இல்லாமலோ விடப்பட்டார்கள் என்பது அந்த அறிக்கையின் கணக்கு. நூறு வருடம் கழித்து வந்த மன்னிப்பு. ஆனால் அதற்குப் பிறகு விட்டுப் போன பெயர்களை ஏடுகளிலிருந்து எடுத்துச் சேர்க்கும் வேலை நடக்கிறது என்பதால்தான் நாங்களும் தேடினோம்.

இங்கே பெயர் என்ற சிக்கலைச் சொல்ல வேண்டும். முனுசாமி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் தெரியாத ஒரு கிளார்க் காதில் விழுந்ததை எழுதுகிறார். மூனசாமி, மோனிசாமி, முன்னுசுவாமி, மூனிசாமி என்று ஆங்கிலத்தில் ஏழெட்டு விதமாக வரும். குடும்பப் பெயர் நமக்குக் கிடையாது. ஒரே தாலுகாவில் பத்து முனுசாமி இருப்பார். அப்பா பெயரும் சின்னசாமியோ பெரியசாமியோ, அதுவும் பத்துப் பேருக்கு இருக்கும். மகர்களின் ‘நாக்’ போல நம் பெயர்களில் அடையாளம் சொல்லும் வாலும் கிடையாது. ஆகவே எண்தான் முக்கியம். எண் தெரிந்தால் மட்டுமே ஆளை உறுதி செய்ய முடியும். அண்ணனின் பதக்கம் வீட்டில் இல்லை, எண் தெரியாது. தேடியதில் பொருந்தக்கூடிய மூன்று பேர் கிடைத்தார்கள். ஒருவருக்கு மாவட்டமும் தாலுகாவும் சரி, அப்பா பெயரில் ஓரெழுத்து வேறு. அவர்தான் என்று ஆயா முடிவு செய்துவிட்டார். நான் முடிவு செய்யவில்லை. இருந்தாலும் அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஆயாவிடம் கொடுத்தேன். அது இப்போது தகரப் பெட்டியில் இருக்கிறது.

எங்கள் பக்கம் சில ஊர்களில் ஒரு சிறிய சலவைக்கல் பலகை பார்த்திருப்பீர்கள். இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்குச் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். அதிலும் எண்தான். அந்தப் பலகை ஊரில் இருக்கிறதா, சேரியில் இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். ஊரில் இருந்தால், அந்த எண்ணிக்கைக்குள் யார் யார் என்று கேளுங்கள்.

பஞ்சாபில் இதற்கு விடை கிடைத்திருக்கிறது. கிராமவாரியாகப் போருக்குப் போனவர்களைப் பதிந்த ஏடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. சுமார் 3,20,000 பேரின் பதிவுகள். அதில் ஒரு பகுதியை 2021இல் இணையத்தில் ஏற்றினார்கள். பிரிட்டனில் இருக்கும் பஞ்சாபிகள் தங்கள் பாட்டன் பூட்டனின் ஊரைப் போட்டு எடுத்துக்கொள்கிறார்கள். புலம்பெயர்ந்த பஞ்சாபிகள் காசும் உழைப்பும் போட்டு நடத்திய வேலை அது. நம்மிடம் அந்த வசதி வரும்வரை வீடுகள்தான் ஆவணக் காப்பகம்.

வீடு என்றதும் ஒரு விஷயம். எந்த ராணுவ ஏட்டிலும் என் கொள்ளுப்பாட்டி இல்லை. இரண்டு ஆண்பிள்ளைகளும் கப்பலேறிய பிறகு, மாமியாரையும் இரண்டு கைக்குழந்தைகளையும் வைத்துக்கொண்டு பண்ணையில் நாற்று நட்டவர் அவர். மணியார்டர் வந்தால் கைநாட்டு வைத்து வாங்க வேண்டும். கடிதம் வந்தால் படித்துச் சொல்ல ஊருக்குள் போய்க் கர்ணம் வீட்டு வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். அவர் எப்போது கூப்பிடுகிறாரோ அப்போதுதான். கணவன் உயிரோடு இருக்கிறான் என்பதை ஒருமுறை மதியம் வரை வெயிலில் நின்று தெரிந்துகொண்டாராம். இது ஆயாவுக்கு அவர் மாமியார் சொன்னது. விளிம்பில் பொறிக்காத சேதி.

ஆகவே நடைமுறையாகச் சில சொல்கிறேன். உங்கள் வீட்டில் பதக்கம் இருந்தால் பாலிஷ் போடாதீர்கள்; எழுத்து தேய்ந்துவிடும். விளிம்பைச் சுற்றிலும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். இரண்டாம் உலகப் போரில் இருந்தவர் என்றால் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பென்ஷன் புத்தகம், பழைய மணியார்டர் ரசீது ஏதாவது இருக்கும். பெரும்பாலும் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும். அதில் எண்ணும் ரெஜிமென்ட் பெயரும் இருந்தால் அந்த ரெஜிமென்டின் ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம். பதில் வர மாதங்கள் ஆகும், திரும்ப எழுதுங்கள். பதவி என்ற இடத்தில் தோட்டி, கூலி, சமையல்காரர் என்று இருந்தால் அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், சிப்பாய் என்று திருத்தாதீர்கள். சாதி என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதையும். பெரியவர்கள் மறைக்கச் சொன்னால் அவர்கள் இருக்கும்வரை பெயரை மறைத்துக்கொள்ளலாம், பதவியை மறைக்க வேண்டாம்.

எண்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் முதலில் போங்கள். ஆண்களிடம் போர்க் கதை கிடைக்கும். யார் எப்போது போனார், எத்தனை மாதம் பணம் வரவில்லை, திரும்பி வந்தபோது காலில் செருப்பு இருந்ததா, அந்தச் செருப்போடு ஊர்த் தெருவில் நடக்க விட்டார்களா என்பதெல்லாம் பெண்களிடம்தான் கிடைக்கும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது காகிதங்களைக் கொண்டு வாருங்கள், ஒரு பூதக்கண்ணாடியும். உட்கார்ந்து படிப்போம்.